ஊற்றுக்கு நான் கட்டிய சுவர்

கீரிப்பாறைக்கு மேலே எவ்வளவு மழை பெய்தாலும் மண் இறங்காத சரிவு எது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கையைக் காட்டுவார்கள். காட்டுகிற இடத்தில் ஒரு கையாலை இருக்கும். சரிவின் குறுக்கே, சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லை அடுக்கிக் கட்டுகிற தடுப்புச் சுவரைத்தான் எங்கள் பக்கத்தில் கையாலை என்போம். அதைக் கட்டியது நான். சந்தேகம் இருந்தால் மேலே ஏறி நின்று குதித்துப் பார்க்கலாம்.

நான் காணிக்காரன், இந்த மலையின் பழங்குடி. மலைக்குள் பதினொரு வீடுள்ள ஊர் எங்களுடையது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உள்ள உறவு முடிந்தது. மிச்ச எழுத்தை எஸ்டேட் பஸ்ஸின் முன்பலகையில் படித்தேன். வளைவு திரும்பி வருகிற பஸ், பக்கத்தில் வருவதற்குள் எழுத்துக் கூட்டி முடித்து, ஏறுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டும். அப்படிப் பழகினதால் இன்றைக்கும் படித்தவர்களைவிட வேகமாகப் பத்திரிகை வாசிப்பேன். இதை நானே என் கையால்தான் எழுதுகிறேன்.

கல் சுமக்கிற கூலியாகத் தொடங்கினேன். ரப்பர்த் தோட்டங்களில் சரிவுக்குச் சரிவு கையாலை வேண்டும். அருமனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், மூன்று பேர் கட்டி மூன்று முறை சரிந்த சுவரை நான் கட்டி நிறுத்தினேன். அது இன்றும் நிற்கிறது. அந்த வேலையில் என் வலது கால் பெருவிரலின் மேல் ஒரு கல் உட்கார்ந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்தேன். தோட்டக்காரர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அடுத்த சுவரையும் நானே கட்ட வேண்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னார். அதற்குப் பிறகு நான் கூலியாக இருந்ததில்லை. ஆளை வைத்து வேலை செய்தேன். ஜீப் வாங்கினேன். மலையிலிருந்து தேனும் நல்லமிளகும் இறக்கி விற்றேன். சிமென்ட் வேலையும் பழகினேன். அதுதான் வினையாகப் போயிற்று.

எங்கள் ஊருக்குக் குடிதண்ணீர் ஒரே ஓர் ஊற்று. ஊருக்கு மேலே, பாறைக்கும் மண்ணுக்கும் இடையில் ஒரு கண் மாதிரித் திறந்திருக்கும். சுற்றிலும் கைதைப் புதர், அதாவது தாழை. பாத்திரத்தைச் சரித்து வைத்தால் நிறைந்துவிடும். அந்த ஊற்றுக் கண்ணில் இரும்பு படக்கூடாது என்பது ஊர் வழக்கம். இலையும் சேறும் அடைந்தால் கையாலும் தேங்காய்ச் சிரட்டையாலும்தான் அள்ளிப் போடுவார்கள். மண்வெட்டி கொண்டு போனவனை எங்கள் மூட்டுக்காணி, அதாவது ஊர்த்தலைவர், பாதி வழியில் திருப்பி அனுப்பிவிடுவார். அவர் என் வீட்டுக்காரியின் அண்ணன். எனக்கு அளியன்.

பெண்கள் குனிந்து தண்ணீர் கோரி, தலையில் சுமந்து வருவதைப் பார்த்து ஒரு வருடம் எனக்குத் தோன்றியது: ஊருக்கெல்லாம் சுவர் கட்டுகிறவன் சொந்த ஊருக்கு ஒன்றும் செய்யவில்லையே. ஊற்றுக் கண்ணைச் சுற்றி நெஞ்சளவு உயரத்துக்குத் தொட்டி கட்டி, மேலிருந்து குழாய் போட்டால் வீட்டு வாசலுக்கே தண்ணீர் வரும். ஜீப்பில் சிமென்ட் ஏற்றினேன்.

அளியன் வழியில் நின்றார். "அளியா, ஊத்துக் கண்ணுல இரும்பு படப்பிடாது. உமக்குத் தெரியாததா?"

"அந்தக் காலத்துல கம்பியும் இல்ல, சிமென்டும் இல்ல. உள்ளவன் இரும்பு வேண்டாம்னு சொன்னானா, இல்லாதவன் சொன்னானா ஓய்?"

"சொன்னது எதுக்குண்ணு எனக்கும் தெரியாது. சும்மா சொல்லியிருக்க மாட்டாவ."

காரணம் தெரியாமல் சொல்கிற பேச்சை நான் கேட்கிற ஆளில்லை. கைதைப் புதரை வெட்டிச் சுத்தம் செய்தேன். கம்பி கட்டி, நாலு பக்கமும் அடைத்து, மேலே மூடியும் போட்டேன். ஈரம் காய்வதற்கு முன்னால் முன்பக்கத்தில் ஆணியால் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். ஆறே நாள் வேலை. குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்கு அளியனே இரண்டு கை ஏந்திக் குடித்துவிட்டு, "கொள்ளாம்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வருவது லேசு இல்லை.

முதல் வருடம் தொட்டி வழிந்தது. இரண்டாம் வருடம் கோடையில் பாதிதான் நின்றது. மழை குறைவு என்றேன். மூன்றாம் வருடம் மழை நன்றாகப் பெய்தும் பங்குனியில் குழாய் நின்றுபோயிற்று. தொட்டியின் அடியில் நூல் மாதிரி ஊறுவதை ராத்திரி முழுக்கச் சேர்த்தால் வீட்டுக்கு ஒரு குடம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கீழே ஆற்றுக்கு இறங்க வேண்டும். நிறைகுடத்தோடு ஏறி வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஊற்று முழுவதும் நின்றுவிட்டால் பதினொரு வீடும் அந்த இடத்தில் இருக்க முடியாது. எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாயால் சொல்லவில்லை, என் வீட்டுக்காரியைத் தவிர.

எங்கள் பேச்சில் குடிக்கிற தண்ணீருக்கும் வெள்ளம் என்றுதான் பெயர். அவள் காலிக் குடத்தைத் தொட்டி மேல் வைத்துவிட்டுக் கேட்டாள்: "தொட்டியில பேரு வழிய வழியக் கெடக்கு. வெள்ளத்தத்தான் காணல்ல. பேரைக் கோரி ஊத்திக் கஞ்சி வைக்கட்டா?"

அந்த நேரத்தில்தான் விருந்தாளிகள் வந்தார்கள். மலையில் வாழ்கிற ஜனங்கள் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய், இரண்டு மூன்று நாள் தங்கி, அறிந்ததைச் சொல்லிக் கொடுத்து, அறியாததைக் கேட்டுக்கொண்டு வருகிற ஓர் ஏற்பாடு சில வருடங்களாக நடக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் காட்டுத் தீயையும் பற்றித்தான் பேச்சு எல்லாம். போன முறை அளியன் தேனிப் பக்கத்து மலைக்குப் போய்வந்தார். இந்த முறை அங்கிருந்து பளியர்கள் ஐந்து பேர் எங்கள் ஊருக்கு வந்தார்கள். இரண்டு ஆண்கள், மூன்று பெண்கள். அவர்களில் ஓர் அம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த உடம்பு, வாய் மட்டும் மெலியவில்லை. நாங்கள் பேசுவது பாட்டுப் பாடுகிற மாதிரி இருக்கிறது என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டாள்.

வந்த அன்றே தொட்டியைக் காட்டினேன். வறண்டிருந்தாலும் வேலை வேலைதானே. அவள் சுற்றி வந்தாள், மூடியைத் தூக்கச் சொல்லி உள்ளே பார்த்தாள், சுவரைத் தட்டினாள்.

"யாருண்ணே கட்டுனது?"

"நான்தான். பேரு எழுதியிருக்கே, கண்டியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுண்ணே" என்றாள். நான் பாராட்டுக்காகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். வரவில்லை.

மறுநாள் காலையில் என் முறை. அவர்கள் ஊரில் சரிவை உழுது பயிர் வைத்ததிலிருந்து, ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடையில் இறங்கி, குடிக்கிற தண்ணீர் கலங்கிப் போகிறதாம். அதற்குக் கையாலை பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று அளியன் அங்கே போனபோதே வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கிறவர் அவர், உழைக்கிறவன் நான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என்னைவிட நன்றாக இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. என் மரச்சீனி, அதாவது மரவள்ளித் தோட்டத்துச் சரிவில் அடித்தளம் தோண்டி, பெரிய கல்லை அடியில் உட்கார வைத்து, சுவரை மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, பின்னால் சில்லுக் கல் நிரப்பி, முழங்கால் உயரத்துக்குக் கொண்டு வந்தேன். ஐந்து பேரும் கூடவே கல் தூக்கினார்கள். அந்த அம்மாள் ஒரு கல்லை மூன்று முறை திருப்பிப் பார்த்துத்தான் வைப்பாள். வேலைக்காரி என்று அப்போதே தெரிந்தது.

வந்திருந்த ஆண்களில் ஒருவர் கேட்டார்: "இடையில சிமென்ட் வச்சு அடைச்சா இன்னும் உறுதியா நிக்குமுல்லண்ணே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டே விளக்கினேன். "வெள்ளத்த அடைச்சு வச்சா அது சும்மா இருக்குமா? பின்னால நிண்ணு தள்ளும். ஒண்ணு சொவரத் தள்ளிச் சாய்க்கும். இல்லேண்ணா வேற எங்கயாவது வழி பாத்துப் போவும். கல்லுக்கு எடையில வழி விட்டியானா மண்ணு நிக்கும், வெள்ளம் போவும். இந்த மலையில எனக்க சொவரு ஒண்ணுகூடச் சாயாததுக்கு இதுதான் சூட்சுமம். வெள்ளத்துக்கிட்ட மல்லுக்கு நிக்கப்பிடாது."

"அப்ப மேல தொட்டில இருக்குற தண்ணிக்கு மட்டும் இது தெரியாதாண்ணே?" என்றாள் அந்த அம்மாள்.

கல் என் கையிலேயே இருந்தது. அளியன் வானத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரி கட்டன்சாயா கொண்டு வந்தவள், தூக்குப்போணியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமல் இல்லை.

"தங்கச்சி, எனக்கு நாப்பது வருசம் சர்வீசு" என்றேன்.

"இல்லேங்கலண்ணே. எங்க ஊர்லயும் இப்படித்தான் ஊத்தச் சுத்தி ஒசரமாக் கட்டுனாங்க. நாங்களும் கை தட்டுனோம். ரெண்டு வருசம் வந்துச்சு, அப்புறம் காணாமப் போயிருச்சு. வாசல அடைச்சா வேற வாசல் பாத்துப் போகும், நீங்க இப்பச் சொன்ன மாதிரிதான். சுவரப் பிரிச்சு விட்டோம். திரும்பி வந்துச்சு. நேத்தே சொல்லியிருப்பேன். உங்க மூஞ்சியப் பாத்தேன், சொல்ல மனசு வரல."

"இது எங்கயும் போவல்ல. வத்திப் போச்சு."

"வத்திருச்சா, வழி மாறிருச்சான்னு தேனீயக் கேட்டாத் தெரிஞ்சுரும். வெயிலு ஏறட்டும்."

இந்த இடத்தில் நான் மறைக்காமல் எழுத வேண்டும். தேன் எங்கள் தொழில். கோடையில் தேனீ தண்ணீர் குடிக்க ஈரமண் தேடி இறங்கும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரிந்த விஷயம். நான் ஜீப் நிறையத் தேன் விற்றவன். மூன்று வருடமாகத் தொட்டியையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, தேனீ எங்கே குடிக்கிறது என்று ஒரு நாள் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

மதியம் எல்லோரும் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தோம். தேனீக்கள் எங்கள் தலைக்கு மேலே தொட்டியைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன. ஒன்றுகூடத் தொட்டியில் உட்காரவில்லை. பின்னாலேயே இறங்கினோம். முப்பது அடி எடுத்து வைத்தால் ஓர் அயனி மரம். அதன் வேர்ச் சந்தில் சருகுக்கு அடியில் மண் கறுப்பாக நனைந்திருந்தது. மேலே நூறு தேனீயாவது இருக்கும். அந்த அம்மாள் அவற்றைக் கலைக்காமல் ஓரமாகக் கையை விட்டு மண்ணைத் தோண்டினாள். குழியில் தண்ணீர் ஊறியது. ஊறின தண்ணீர் அங்கே நிற்காமல் கல் இடுக்கில் இறங்கி, யாருக்கும் உதவாமல் போய்க்கொண்டிருந்தது.

அளியன் விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். "நம்ம வெள்ளம்தான் அளியா" என்றார்.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. தொட்டியை உடைப்பதா என்பதுதான் பேச்சு. பாதிப் பேருக்குப் பயம். இப்போது வீட்டுக்கு ஒரு குடமாவது கிடைக்கிறது. உடைத்த பிறகு தண்ணீர் திரும்பாவிட்டால் அந்த ஒரு குடமும் போய்விடும், வைகாசி நடுவில் தொடங்குகிற இடவப்பாதி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கைப்பிள்ளையோடு வந்திருந்த ஒருத்தி, ஆற்றுக்கு இரண்டு தரம் இறங்க என்னால் ஆகாது என்று அழுதாள்.

அளியன் எல்லோரையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "கெட்டினது நீரு. உடைக்கலாமா வேண்டாமாண்ணு நீருதான் சொல்லணும். உமக்குத் தெரிஞ்ச தொழிலு அது."

என்னை அவர் குற்றம் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தொழில் தெரிந்தவன் என்றுவிட்டார். தொழில் தெரிந்தவன் என்ன சொல்ல முடியும்? காலையில் நானே என் வாயால் ஐந்து பேருக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்ல முடியும்.

"உடைப்போம்" என்றேன்.

விடிந்ததும் கூடத்தை, அதாவது பெரிய சம்மட்டியை, முதலில் தூக்கியது நான்தான். முதல் அடி என் பெயர் இருந்த பக்கத்தில். ஒரு கீறல்கூட விழவில்லை. நான் கலந்த சாந்து அப்படி. வேறு யாராவது கட்டியிருந்தால் கஞ்சி குடிக்கும் நேரத்துக்குள் முடிந்திருக்கும். எனது சுவரை உடைக்க ஆறு ஆளும் மதியம் தாண்டியும் பாடுபட்டோம். தேனிக்காரர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எதுக்குண்ணே இம்புட்டு நல்லாக் கட்டுனீங்க?" என்று நொந்துகொண்டார். மூன்று வருடத்தில் அந்தத் தொட்டிக்குக் கிடைத்த நல்ல பாராட்டு அது.

கண்ணுக்கு ஒரு முழம் முன்னால் வந்ததும் அளியன் கையை உயர்த்தினார். கூடத்தையும் கம்பிப்பாரையையும் தூரத்தில் கொண்டு போட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை காரணம் கேட்கவில்லை, எனக்கே விளங்கியிருந்தது. நான் தொட்டிக்கு அடித்தளம் போட்டபோது கம்பிப்பாரையால் குத்தின குத்தில், கண்ணுக்குக் கீழே உள்ள இறுகிய களிமண் பிளந்திருந்தது. மேலே சுவர் வைத்து அடைத்த தண்ணீர் அந்தப் பிளவு வழியாகத்தான் அயனி மரத்துக்கு இறங்கிவிட்டது. கையும் சிரட்டையும் களிமண்ணைப் பிளக்காது. வழக்கம் வைத்தவர்கள் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். என்னை மாதிரி ஆளை.

அந்த அம்மாளும் என் வீட்டுக்காரியும் எதிரெதிரே குந்தியிருந்து சேற்றை அள்ளினார்கள். பிளவில் புதுக் களிமண்ணைப் பிசைந்து கையாலேயே அடைத்தோம். தண்ணீர் வருகிற வாசல் பழைய மட்டத்துக்கே திறந்து கிடந்தது. ஓடையோரத்திலிருந்து கைதைக் கன்று பிடுங்கி வந்து சுற்றிலும் நட்டோம். மறுநாள் காலையில் விருந்தாளிகள் புறப்பட்டார்கள்.

"வந்துரும்ணே. அஞ்சாறு நாளு பொறுங்க" என்றாள் அந்த அம்மாள், ஜீப்பில் ஏறும்போது.

"வரல்லேண்ணா?"

"வரலேன்னா போன் போட்டு நல்லா வையுங்க."

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் கலங்கல். பெண்கள் இரண்டு தரம் ஆற்றுக்கு இறங்கினார்கள். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரிகூடக் கேலி பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைத் தாங்கிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. மூன்றாம் நாள் ஜீப்பின் பின்பக்கம் குடங்களை அடுக்கி, ரோடு போகிற மட்டும் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். கைப்பிள்ளைக்காரி வீட்டுக்கு முதலில் இறக்கினேன்.

ஆறாம் நாள் காலையில் போனபோது என் வீட்டுக்காரி எனக்கு முன்னாலேயே அங்கே இருந்தாள். குடத்தைக் கண்ணில் சரித்து வைத்துவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டிருந்தாள். கொண்டை முடிந்து கையை இறக்குவதற்குள் குடம் நிறைந்து வழிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"கண்டியா?" என்றேன்.

"காணாம பின்ன? குருடா எனக்கு?" என்றாள். பிறகு, "இதையும் நீருதான் வர வச்சேருண்ணு ஊரெல்லாம் சொல்லப் போறேரு" என்றாள்.

சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? உடைக்கச் சொன்னது நான்தானே. அந்த அம்மாள் சொன்னதையும் சேர்த்தேதான் சொல்கிறேன், எங்கே போனாலும்.

இப்போது ஊற்றைத் தொடாமல், இருபது அடி எடுத்து வைக்கிற தூரத்துக்குக் கீழே, கண்ணைவிடத் தாழ்ந்த மட்டத்தில் சின்னத் தொட்டி கட்டியிருக்கிறேன். ஊற்றிலிருந்து வழிகிறது மட்டும் கல்வாய்க்கால் வழியாக அதில் வந்து விழும். குழாய் பழைய மாதிரி வாசலுக்கு வருகிறது, மேல் வரிசையில் உள்ள இரண்டு வீடுகளைத் தவிர. இவ்வளவு தாழ்ந்த தொட்டியிலிருந்து அங்கே தண்ணீர் ஏறாது. அந்த இரண்டில் ஒன்று என் வீடு.

தேனிக்காரர்கள் அவர்கள் சரிவில் கையாலை கட்டத் தொடங்கினார்கள். படம் எடுத்து எனக்குப் போனில் அனுப்புவார்கள். நான் பெரிதாக்கிப் பார்த்து, "அந்த மூணாவது கல்லு படுக்கல்ல, திருப்பிப் போடு" என்று குரல் பதிவு அனுப்புவேன். எனக்கு எழுத்து அடிக்க நேரமாகும், அந்த அம்மாளுக்கு எழுத்தே தெரியாது. குரல் எங்கள் இருவருக்கும் வசதி. ஆடியில் அங்கே நல்ல மழை பெய்த அன்றைக்கு ஓடையைப் படம் பிடித்து அனுப்பினாள். கலங்காத தண்ணீர். "அண்ணே, உங்க சுவரு மண்ணப் புடிச்சுக்கிட்டுத் தண்ணிய மட்டும் விட்டுருச்சு. உங்களவிட உங்க சுவருக்குப் புத்தி ஜாஸ்தி" என்று அவள் குரலும் வந்தது. அதைப் பத்து முறையாவது போட்டுக் கேட்டிருப்பேன். அளியனுக்கும் போட்டுக் காட்டினேன். அவர், "கொள்ளாம்" என்றார்.

உடைத்த தொட்டியில் என் பெயர் எழுதின பக்கம் மட்டும் நொறுங்காமல் ஒரே பலகையாக விழுந்திருந்தது. அதை வீட்டு முன்னால் நிறுத்தலாம் என்று நினைத்தேன். நான் ஆளைக் கூட்டி வருவதற்குள் பெண்கள் அதை உருட்டிக்கொண்டு போய், புதுத் தொட்டியில் வழிகிற தண்ணீர் விழுகிற இடத்தில் துணி துவைக்கிற கல்லாகப் போட்டுவிட்டார்கள். சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று எழுத்துள்ள பக்கத்தை மேலே வைத்திருக்கிறார்கள். முன்னின்று செய்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை.

"இன்னைக்கும் உமக்க பேர நல்லா வெளுத்தாச்சு" என்பாள், துவைத்த துணியோடு ஏறி வரும்போது.

வெளுக்கட்டும். தினமும் பதினொரு வீட்டுத் துணியும் அதில் அடிபடுகிறது. இதுவரை ஓர் எழுத்துக்கூடத் தேயவில்லை.